பழைய லிஸ்டர் எஞ்சினுக்குச் சாமான் தேடுவதும் பூட்டுவதும்: தோட்டப்புறத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மலேசிய ரப்பர்த் தோட்டத்தின் ஸ்டோரிலோ புகைவீட்டுக்குப் பின்னாலோ கிடந்த லிஸ்டர் எஞ்சின் (இங்கிலாந்தின் பழைய டீசல் எஞ்சின்) கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது, இணையத்தில் 'லிஸ்டர் பிஸ்டன்' என்று தேடி ஆர்டர் போடுவதுதான். மூன்று வாரம் கழித்துப் பெட்டி வரும். சாமான் பொருந்தாது. திருப்பி அனுப்பும் செலவு சாமானின் விலையைத் தாண்டிவிடும்.

காரணம் எளிது. ரப்பர் உருளையையும் தண்ணீர் பம்பையும் பல ஆண்டுகள் ஓட்டிய எஞ்சின் ஒரே எஞ்சினாக இருப்பதில்லை. ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) இங்கிலாந்துடையது, ஃப்ளைவீல் (பக்கத்தில் சுழலும் கனத்த சக்கரம்) பக்கத்துத் தோட்டத்து எஞ்சினுடையது, புஷ் (தண்டு சுழலும் உறை) ஈப்போ லேத் கடையில் கடைந்தது, நோசல் (டீசலைப் பீய்ச்சும் முனை) இந்தியாவில் செய்தது என்று கலந்துதான் கிடக்கும். ஆகவே பெயரைச் சொல்லி எதையும் வாங்காதீர்கள். அளந்து வாங்குங்கள். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வழிதான்.

தோட்டங்களில் அதிகம் அகப்படும் லிஸ்டர் சிஎஸ் 6/1 என்ற ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினை வைத்து எழுதியிருக்கிறேன். பெட்டர், ரஸ்டன் போன்ற வேறு எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான், அளவுகள் மட்டும் மாறும். ஊர் சுங்கை சிப்புட் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேத், பேரிங், நோசல் வேலைக்கு ஈப்போதான் போக வேண்டியிருக்கும்.

1. எஞ்சினை நகர்த்தும் முன் தாளை வாங்குங்கள்

கிராணியோ (தோட்ட எழுத்தர்) தண்டலோ (கங்காணி) "எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொன்னது போதாது. தோட்ட நிர்வாகத்தின் பெயர் அச்சிட்ட தாளில், எஞ்சின் எண், கொடுக்கும் தேதி, உங்கள் பெயர், மைகார்டு (அடையாள அட்டை) எண், வண்டி எண் ஆகியவற்றோடு கையொப்பமும் முத்திரையும் வேண்டும். இரண்டு நகல் எடுங்கள், ஒன்று லோரி ஓட்டுநரிடம் இருக்கட்டும். பழைய இரும்பு ஏற்றிய வண்டியைச் சாலைத் தடுப்பில் நிறுத்திக் கேட்பது சாதாரணம்.

தோட்டம் கைமாறியிருந்தால் கடிதம் இப்போதைய உரிமையாளரிடமிருந்து வர வேண்டும். பழைய மேனேஜர் எழுதிக் கொடுத்தது செல்லாது. தலைமை அலுவலக ஒப்புதல் என்று இழுத்தால் சில வாரங்கள் ஆகும், அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்கிவிடுங்கள்.

எஞ்சினையோ சாமானையோ பெசி பூரோக் (பழைய இரும்பு) கடையில் வாங்குவதானால், உரிமம் உள்ள கடையில் ரசீதோடு வாங்குங்கள். பழைய பொருள் வணிகத்துக்கு 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ரசீது கொடுக்கத் தயங்கும் கடையில் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஏற்றும்போது ஒரு சொல்: ஃப்ளைவீல் ஒவ்வொன்றும் 100 கிலோவுக்கு மேல். ஆள் பலத்தை நம்பி உருட்டாதீர்கள். சங்கிலியைப் பிளாக்கில் (எஞ்சின் உடலில்) போட்டுத் தூக்குங்கள், ஃப்ளைவீல் ஆரத்தில் போட்டு அல்ல.

2. கையில் இருப்பது எது என்று கண்டுபிடியுங்கள்

பித்தளைத் தகடு இருந்தால் அதில் எஞ்சின் எண், குதிரைத்திறன், சுழற்சி மூன்றும் இருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். மணல்தாள் போட்டால் எண் போய்விடும். 5/1 என்றால் நிமிடத்துக்கு 600 சுழற்சியில் 5 குதிரைத்திறன், 6/1 என்றால் 650 சுழற்சியில் 6. இரண்டுக்கும் போர், அதாவது பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம், 4½ அங்குலம் (114.3 மிமீ); ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 5½ அங்குலம் (139.7 மிமீ).

தகடு காணாமல் போயிருந்தால் போரையும் ஸ்ட்ரோக்கையும் அளந்து முடிவு செய்ய வேண்டியதுதான். தகடு இருந்தாலும் அது கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிப்பெட்டி) அடையாளம் மட்டுமே, அதன் மேல் பூட்டியிருக்கும் மற்றவற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஹெட்டைக் கவனியுங்கள். பழைய சிஎஸ் ஹெட்டில், ஸ்டார்ட் செய்யும்போது அமுக்கத்தைக் கூட்டித் தரும் மாற்று வால்வு ஒன்று பக்கவாட்டில் கைப்பிடிச் சக்கரத்தோடு இருக்கும். இந்திய நகல் எஞ்சின்கள் இரண்டு வகையில் வந்தன. ஒன்றில் டீசல் ஹெட்டுக்குள் உள்ள தனி அறையில் எரியத் தொடங்கும். மற்றதில் நேரே பிஸ்டன் தலையில் உள்ள குழியில் எரியும். ஹெட், பிஸ்டன், நோசல் மூன்றும் ஒரே வகையாக இருந்தால்தான் எஞ்சின் ஓடும். குழி உள்ள பிஸ்டனை அறை உள்ள ஹெட்டோடு சேர்த்துவிட்டு, ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பம்பைக் குடைந்துகொண்டிருப்பது வழக்கமாக நடக்கும் தவறு.

3. பிரியுங்கள், அளந்து எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம், வெர்னியர் (நுண்ணளவுக் கோல்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மரை கேஜ். கையில் வேண்டியது இவ்வளவே. போர் அளக்கும் கருவியை வாங்கத் தேவையில்லை, பிளாக்கை லேத் கடைக்கு எடுத்துப் போனால் அங்கேயே அளந்து தருவார்கள்.

போரில் தேய்மானம் மேல் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) நின்று திரும்பும் இடத்தில்தான் அதிகம். மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் நீளவாக்கிலும் குறுக்காகவும் அளக்கச் சொல்லி ஆறு எண்களையும் எழுதி வாங்குங்கள். அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 0.1 மிமீக்குள் இருந்தால் புது ரிங் போட்டு ஓட்டலாம். 0.25 மிமீயைத் தாண்டினால் ரிங் வாங்கும் பணம் வீண், போரைக் கடையவோ மாற்றவோ வேண்டும். நடுவில் இருந்தால்? நாள் முழுக்க ஓடும் பம்புக்குக் கடைந்துவிடுவது நல்லது. கண்காட்சிக்கு எப்போதாவது ஓட்டும் எஞ்சினுக்கு ரிங் போதும்.

ரிங் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. லிஸ்டர் சில எஞ்சின்களின் போரில் குரோமியம் ஏற்றி அனுப்பியது. குரோமியப் போரில் குரோமிய ரிங் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துத் தின்றுவிடும். கண்டுபிடிக்கும் வழி: ரிங் ஓடும் பகுதியில் ஓர் இடத்தை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். செம்பு நிறம் படிந்தால் வெறும் இரும்பு. படியவில்லையென்றால் குரோமியம். அப்படியானால் சாதாரண வார்ப்பிரும்பு ரிங் என்று கேட்டு வாங்குங்கள், போரைத் தேய்க்கும் ஹோன் கல்லைப் போட்டுச் சுரண்டவும் வேண்டாம்.

மரைகளில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பழைய லிஸ்டரில் விட்வொர்த் என்ற பழைய ஆங்கில மரை, கோணம் 55 பாகை. இன்று இரும்புக்கடையில் கிடைக்கும் மெட்ரிக், அமெரிக்க மரைகள் 60 பாகை. அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க வகையில் 13. இது இரண்டு சுற்றுக்கு மேல் ஏறாது, உடனே தெரிந்துவிடும். ஆபத்து 3/8 அங்குலத்தில். இரண்டிலும் 16 மரைதான், ஏறிவிடும். ஆனால் பக்கங்கள் முழுதாகப் பிடிக்காது, இறுக்கும்போது பிளாக்கின் மரை உரியும். விட்வொர்த் ஸ்பேனரில் அடித்திருக்கும் எண் போல்ட்டின் விட்டமே தவிர நட்டின் அகலம் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய காஸ்கெட்டும் (இணைப்புகளுக்கு இடையே வைக்கும் அடைப்பு) புகைபோக்கியில் சுற்றிய கயிறும் கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். தண்ணீரில் நனைத்த பிறகு கையால் சுரண்டி, உறையில் கட்டிப் போடுங்கள். கம்பி பிரஷ்ஷை டிரில்லில் மாட்டித் தேய்க்கவே கூடாது.

ஹெட் கழற்றியிருக்கும்போதே பிஸ்டனின் உச்சநிலையைக் குறித்துவிடுங்கள். பிஸ்டன் மேலே வரும்போது ஓர் ஆழத்தில் நிறுத்தி ஃப்ளைவீலில் ஒரு கோடு போடுங்கள். தாண்டிப் போய், இறங்கும்போது அதே ஆழத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உண்மையான உச்சநிலை. மாற்றிப் போட்ட ஃப்ளைவீலில் இருக்கும் பழைய குறி பொய் சொல்லும்.

4. எந்தச் சாமானை எங்கே தேடுவது

பலரும் இந்தியாவில் தொடங்குவார்கள். தலைகீழாகப் போங்கள்: பக்கத்தில் கிடைப்பது முதலில், கடல் தாண்டுவது கடைசியில்.

பேரிங், ஆயில் சீல். சிஎஸ்ஸின் கிராங்கில் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பெரும்பாலும் டேப்பர் ரோலர் பேரிங்தான். அதன் உள்வளையத்திலும் வெளிவளையத்திலும் எண் அடித்திருக்கும். இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு பேரிங் கடைக்குப் போங்கள், எஞ்சின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று அளவு போதும்.

நோசல், டீசல் பம்ப். இதை டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுங்கள். முதலில் சோதித்துப் பார்க்க மட்டும் சொல்லுங்கள். நோசல் போய்விட்டது என்று வருபவற்றில் பல, கழுவினாலே சரியாகிவிடும். பம்பின் பிளஞ்சரும் (உள்ளே ஓடும் தண்டு) பேரலும் (அது ஓடும் குழல்) ஜோடியாகத் தேய்த்துச் செய்தவை. ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னால் அந்தக் கடையை நம்பாதீர்கள். நோசலை வெளியே வைத்துப் பீய்ச்சிப் பார்க்கும்போது கையைக் காட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் போய்விடும், அது ஆஸ்பத்திரி வேலை.

லேத் கடை. வால்வு கைடு, வெண்கலப் புஷ், தண்ணீர்க் குழாய் ஃப்ளேஞ்ச், ஸ்டட் இவற்றைக் கடைந்து வாங்கலாம். வெள்ளீயச் சுரங்கங்கள் ஓடிய காலத்தில் அவற்றின் இயந்திரங்களைப் பார்த்துத் தேறிய கைகள் ஈப்போ வட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. தவுக்கேயிடம் (கடை முதலாளி) பழைய சாமானை மட்டும் நீட்டி 'இதே மாதிரி' என்று சொன்னால், தேய்ந்த அளவிலேயே கடைந்து தருவார், தவறு அவருடையது அல்ல. தேயாத இடத்தின் அளவை, பொருந்தப்போகும் எதிர்ச் சாமானோடு சேர்த்துக் கொடுங்கள். சீனப் புத்தாண்டுக்கு முன்பின் பத்து நாளுக்கு எந்த லேத்தும் சுற்றாது.

கடையவே கூடாதது ஒன்று: பிக் எண்ட் போல்ட், அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் கீழ்முனையைப் பிடிக்கும் போல்ட். சாதாரண இரும்பில் கடைந்த போல்ட் அறுந்தால் கனெக்டிங் ராடு கிராங்க்கேஸை உடைத்துக்கொண்டு வெளியே வரும். சரியான உலோகத்தில் செய்த புதியதாக வாங்குங்கள்.

காஸ்கெட். செம்புக் காஸ்கெட் கிழியாமல் இருந்தால் மங்கிய சிவப்பாகும் வரை சூடேற்றி ஆறவிடுங்கள், மீண்டும் மெத்தென்று ஆகிவிடும். மற்றவற்றைக் காஸ்கெட் தாள் வாங்கி நீங்களே வெட்டலாம்.

இன்னொரு எஞ்சின். ஃப்ளைவீல், கிராங்க்கேஸ் கதவு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் நெம்புகோல் போன்ற வார்ப்புச் சாமான்களுக்குப் பழைய இரும்புக்கடைதான் வழி. ஃப்ளைவீல் வாங்கும்போது ஆரங்களின் அடியிலும் சாவித் துளையின் (தண்டோடு பூட்டும் ஆப்பு போகும் பள்ளம்) மூலைகளிலும் விரிசல் பாருங்கள். சங்கிலியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். 'டப்' என்றால் விட்டுவிடுங்கள்.

பிஸ்டன், ரிங், ஹெட், வால்வு இவைதாம் வெளியூருக்கு மிச்சம். சிஎஸ் நகல் எஞ்சின்களுக்குச் சாமான் செய்யும் ஊர் குஜராத்தின் ராஜ்கோட். இங்கிலாந்திலும் கிடைக்கும், விலையும் தபால் செலவும் கூடுதல்.

5. இந்தியாவிலிருந்து வரவழைப்பது: பணம், தாள், நாள்

விற்பவரிடம் படம் கேளுங்கள். சாமான் படம் மட்டுமல்ல, அதன் மேல் வெர்னியர் வைத்து எண் தெரியும்படி. பிஸ்டனுக்கு விட்டம், மொத்த உயரம், பின்னின் (பிஸ்டனை ராட்டோடு இணைக்கும் ஊசி) நடுவிலிருந்து தலைவரை உள்ள உயரம், பின் விட்டம், ரிங் பள்ளங்களின் அகலம் ஆகிய ஐந்தும் வேண்டும். மூன்றாவது அளவைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அது மாறினால் அமுக்கமே மாறிப்போகும். படம் அனுப்பச் சோம்பல்படுபவர் பணம் போன பிறகு சுறுசுறுப்பாகிவிட மாட்டார்.

அனுப்பும் செலவில் ஒரு கணக்கு இருக்கிறது. கூரியர்காரர்கள் நிறுவையையும் பெட்டியின் அளவையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கம். 35×20×20 பெட்டி 2.8 கிலோ கணக்கில் வரும். இரும்புச் சாமானுக்கு நிறுவைதான் ஜெயிக்கும், காஸ்கெட் கட்டுக்குப் பெட்டி ஜெயிக்கும். அதனால் காஸ்கெட்டைத் தட்டையாக அடியில் வைத்து, கனமானவற்றோடு ஒரே பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

வரி: 2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் வாங்கி இறக்குமதியாகும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பதிவு பெற்ற விற்பனையாளர் பணம் வாங்கும்போதே பிடித்துவிடுவார். 400 வெள்ளிச் சாமானுக்கு 40 வெள்ளி. வரி கட்டியது தெரியும் பில்லை வைத்திருங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் முறை கேட்கக்கூடும். 500 வெள்ளியைத் தாண்டினால் சுங்கத்தில் கணக்கு வேறு. சாமான் விலையோடு கப்பல் செலவு, காப்புறுதி எல்லாம் கூட்டித்தான் வரி போடுவார்கள். 700 வெள்ளிச் சாமான், 250 வெள்ளி அனுப்பும் செலவு என்றால் கணக்கு 950 வெள்ளியில் தொடங்கும். அதற்கு மேல் கூரியர் நிறுவனம் தன் கையாளும் கூலியையும் சேர்க்கும்.

பில்லில் 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்று மொட்டையாக எழுதினால் பெட்டி சுங்கத்தில் உட்கார்ந்துவிடும். 'நிலை டீசல் எஞ்சினுக்கான பிஸ்டன், 1, இரும்பு' என்ற மாதிரி ஒவ்வொன்றையும் எழுதச் சொல்லுங்கள். எஞ்சின் சாமான்களின் சுங்க எண் 8409இல் தொடங்கும். சரியான உட்பிரிவையும் வரி விகிதத்தையும் சுங்கத்துறையின் எச்எஸ் எக்ஸ்புளோரர் தளத்தில் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். விலையைக் குறைத்து எழுதித் தருவதாக விற்பவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்டி தொலைந்தால் அந்தக் குறைந்த விலைதான் திரும்ப வரும், சுங்கத்தில் பிடிபட்டால் அதுவும் வராது. பெறுபவர் பெயர் மைகார்டில் உள்ளபடி இருக்கட்டும். தாளில் 'முருகேசன்', கார்டில் வேறு எழுத்து என்று இழுபடாதீர்கள்.

நாள்: கூரியரில் ஒன்று முதல் இரண்டு வாரம் ஒதுக்குங்கள், கப்பலில் ஒன்றரை மாதமாவது. தீபாவளிக்கு நாம் இரண்டு நாள் விடுப்பு எடுப்போம். குஜராத்தில் தீபாவளிக்குப் பின் ஐந்தாம் நாளான லாப பஞ்சமிக்குத்தான் கடை திறப்பார்கள். அக்டோபர் நடுவில் ஆர்டர் போட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று கலங்க வேண்டாம்.

6. வந்ததை அப்படியே பூட்டாதீர்கள்

நகல் வார்ப்புகளில் அச்சு மணல் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். புது ஹெட்டின் தண்ணீர்ப் பாதையிலும் எண்ணெய் படும் மூலைகளிலும் கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, மறுபடி கழுவுங்கள். வெள்ளைத் துணியில் துடைத்தால் துகள் வரக்கூடாது. இதைச் சோம்பலால் விட்டவர்கள் பிக் எண்டை இரண்டாம் முறை வாங்குகிறார்கள்.

பிறகு அளங்கள், மறுபடியும். இரும்புப் பிஸ்டனுக்குப் பதில் அலுமினியம் வந்திருந்தால், சூட்டில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பழைய இடைவெளி போதாது, சிக்கிக்கொள்ளும்.

7. பூட்டுவது

ரிங். போரில் தேயாத கீழ்ப்பகுதியில் ரிங்கை விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 114 மிமீ போருக்கு 0.4 மிமீக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அரத்தால் வாயை மட்டும் சமமாகத் தேயுங்கள். வாய்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வராமல் சுற்றிலும் பிரித்து வைக்கவும்.

பிக் எண்ட். கழற்றும்போதே மூடியில் எந்தப் பக்கம் எது என்று குறியிட்டிருக்க வேண்டும். இந்த எஞ்சினில் எண்ணெயை வாரி அடிப்பது மூடியின் அடியில் இருக்கும் துடுப்புதான். மூடி திரும்பிப்போனால் எண்ணெய் சரியாகக் கிடைக்காமல் பேரிங் தீயும். ஷிம்கள் (இடையில் வைக்கும் மெல்லிய தகடுகள்) இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். இறுக்கிய பின் ராடு கிராங்கில் பக்கவாட்டில் சற்று அசைய வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் கூடாது. பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவதில் மிச்சமாவது சில காசுதான்.

பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி. பிஸ்டன் பின் இருக்கும் திசையிலேயே பிஸ்டன் தலையின் இரு ஓரத்தில் மெல்லிய சால்டர் கம்பியை கிரீஸால் ஒட்டி, ஹெட்டை இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஹெட்டைக் கழற்றி, நசுங்கிய கம்பியை அளந்தால் இடைவெளி கிடைக்கும். கையேட்டில் உள்ள அளவுக்கு வரும்வரை பிளாக்கின் அடியில் ஷிம் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். பிஸ்டனையோ காஸ்கெட்டையோ மாற்றிவிட்டு இதைத் தவிர்த்தால், ஒன்று ஸ்டார்ட் ஆகாது, அல்லது பிஸ்டன் ஹெட்டை இடிக்கும்.

நோசல். குழிக்குள் பழைய செம்பு வாஷர் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் மேலேயே புது வாஷரைப் போட்டால் நோசல் உயர்ந்துவிடும், புகை கறுப்பாக வரும்.

வால்வு இடைவெளி. எஞ்சின் ஆறியிருக்கும்போது இரண்டுக்கும் 0.017 அங்குலம், அதாவது 0.43 மிமீ.

டீசல் நேரம். பம்பின் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் கழற்றி, வளைந்த சிறு குழாயை மாட்டி, ரேக்கை (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் சட்டம்) ஓட்டும் நிலையில் வைத்து, டாங்கியைத் திறந்தால் டீசல் வழியும். அமுக்கும் ஸ்ட்ரோக்கில் ஃப்ளைவீலை ஓடும் திசையில் மெல்லத் திருப்புங்கள். சொட்டு நிற்கும் கணம்தான் பீய்ச்சத் தொடங்கும் நேரம். பாகையைச் சென்டிமீட்டராக்குவது சுலபம்: கையேடு உச்சநிலைக்கு 20 பாகை முன்னால் என்று சொன்னால், ஃப்ளைவீல் சுற்றளவை 18ஆல் வகுங்கள். 190 செமீ என்றால் சுமார் 10.5 செமீ. தாண்டிப்போய்விட்டால் பின்னால் திருப்பி அளக்காதீர்கள், கியர்களின் தளர்ச்சி உள்ளே வந்துவிடும். நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னால் வாருங்கள்.

டீசல் குழாய். நம் பம்புகளில் வரும் டீசலில் செம்பனையிலிருந்து செய்த எரிபொருள் வழக்கமாக 10 விழுக்காடு கலந்திருக்கும். பழைய ரப்பர் குழாய் இதில் ஊறி மெத்தென்றாகிக் கசியும். இதைத் தாங்கும் வைட்டன் ரப்பர்க் குழாய் போடுங்கள். பழைய டாங்கியில் அடியில் இறுகியிருந்த கசடையும் இது கரைத்துக் கொண்டுவரும், அதனால் முதல் சில டாங்கிக்கு ஃபில்டரை அடிக்கடி பாருங்கள்.

8. முதல் ஸ்டார்ட்

கவர்னர் நெம்புகோலை விரலால் தள்ளினால் ரேக் தடையில்லாமல் போய்வர வேண்டும். சிக்கினால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும். காற்று வாங்கும் வாயை மூடுவதற்கு ஒரு தட்டைப் பலகை பக்கத்தில் தயாராக இருக்கட்டும், கை வேண்டாம்.

தண்ணீர் டிரம்மில், மேல் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அரை சாண் குறைந்தாலும் சுழற்சி நின்று ஹெட் கொதிக்கும். டீசல் குழாயில் காற்றை எடுத்துவிட்டு, வால்வைத் தூக்கியபடி கையால் சுற்றுங்கள். நோசல் 'கிர்ர்' என்று கத்தினால் டீசல் போகிறது. கத்தாவிட்டால் கைப்பிடியோடு மல்லுக்கட்டாமல் காற்றை மறுபடி எடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கைப்பிடியை உடனே உருவிவிடுங்கள். தளர்ந்த சட்டையும் துண்டும் ஃப்ளைவீல் பக்கமே வரக்கூடாது.

பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, கதவைத் திறந்து பிக் எண்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் ஷிம் குறைந்திருக்கிறது. சரியாக இருந்தால் பாதிப் பாரமாவது கொடுத்து ஓட்டுங்கள். பாரமில்லாமல் மணிக்கணக்கில் ஓட்டினால் புது ரிங் போரில் படியாது, எண்ணெய் புகைபோக்கி வழியாக ஒழுகும். முதல் சூடு ஆறியதும் ஹெட் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கி, வால்வு இடைவெளியை மறுபடி வையுங்கள். ஐந்து மணி நேரம் ஓடியதும் எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். மினுமினுப்பு சற்றே இருக்கும். விரலில் மணல் நெருடினால், கழுவாமல் விட்ட இடம் எங்கோ இன்னும் இருக்கிறது. கதவைத் திறந்து மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுத்தான் புது எண்ணெய் ஊற்ற வேண்டும்.